எழுதாத ஒப்பந்தம்

திருப்பூரில் நண்பர்கள் இருவர் கூட்டாகப் பனியன் கம்பெனி தொடங்கிய நாளில் துஆ ஓதியவன் நான். ஒப்பந்தம் எழுதினீர்களா என்று அன்று கேட்கவில்லை.

பிணக்கு முற்றியது, கூட்டைக் கலைக்க வழக்கு வந்தது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆம் கட்டளைப்படி நீதிமன்றம் ரிசீவரை நியமித்தது. அவர் எவர் பக்கமும் சாராதவர். தையல் இயந்திரம், துணி இருப்பு, வரவேண்டிய பாக்கி அனைத்தையும் பட்டியலிட்டு, அமானிதமாகக் காத்து, நீதிமன்றத்திடம் கணக்கு ஒப்படைப்பவர்.

அந்தப் பட்டியலைக் கண்டு நாணினேன். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளப் பணிக்கும் அல்பகரா 282ஆம் வசனத்தை ஆண்டுதோறும் மதரஸாவில் விளக்குகிறேன். நண்பர்களிடம் மட்டும் சொல்லத் தவறினேன்.

இப்பொழுதெல்லாம் கடை திறப்புக்கு அழைப்போரிடம் ஒப்பந்தப் பத்திரத்தைப் பார்த்த பின்னரே துஆவுக்குக் கையேந்துகிறேன்.