இறப்பும் பீலியும்

யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளைப் பற்றி எழுதுவோர் தூண்களையும் திண்ணையையும் நடுமுற்றத்தையும் வியந்து அவ்வளவில் நின்றுவிடுகின்றனர். அண்ணாந்து இறப்பைப் பார்ப்பாரில்லை. (ஈண்டு இறப்பு என்றது சாவையன்று, கூரையின் தாழ்ந்த விளிம்பையே.) வீட்டின் ஆயுளைத் தீர்மானிப்பதோ அவ்விறப்பும் அதனையடுத்த பீலியுமே.

நாற்சார் வீட்டின் உட்கூரைகள் நான்கும் முற்றத்தை நோக்கிச் சரிவன. எனவே இரு கூரைகள் சந்திக்கும் உள்மூலையில் இரு பக்கத்து மழையும் ஒருங்கே வந்து சேரும். அதனை ஏந்துவதற்கு ஓட்டின்கீழ் நாகமுலாம் பூசிய தகரப் பீலி பதிக்கப்பட்டிருக்கும். வேம்பும் மாவும் நிற்கும் வளவாயின், புரட்டாதி முடிவதற்குள் அது சருகால் நிறைந்துவிடும். ஐப்பசியில் மழை பிடித்ததும் போக்கற்ற நீர் பீலியின் விளிம்பைக் கடந்து உள்ளே வழிந்து, சுவரின் தலையிற் கிடக்கும் வளையையும் கைமரங்களின் அடியையும் நனைக்கும். காய்ந்திருக்கும்வரை கறையானுக்கு எளிதில் இடங்கொடாத வைரப் பனையும், ஈரம் ஊறினால் சில மாரிகளுள் உளுத்துவிடும். இறப்பின் நுனியை மறைத்து அடித்த பலகையில் வண்ணம் உப்பிக் கருமை படர்வதே முதல் அறிகுறி. அப்பலகையை மட்டும் மாற்றிப் புதுவண்ணம் பூசுதல் நோயை விட்டு முகத்தைக் கழுவுவதாகும்.

ஆண்டுக்கொருமுறை சருகை வாருதலும், பத்தடிக்கு அரை அங்குலமேனும் சரிவு இருக்கின்றதா என நீர் ஊற்றிப் பார்த்தலும் பெரிய வேலைகளல்ல. ஆனால் அவற்றைச் செய்ய வீட்டில் ஆள் வேண்டும். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு நீங்கியோருட் பலர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்ப இயலாதிருந்தனர். எறிகணைக்குத் தப்பிய கூரையும் அத்தனை மாரிகளுக்குத் தப்புவதில்லை.

இக்காலத்தில் டெங்குவுக்கு அஞ்சிப் பீலியையே கழற்றிவிடுவோரும் உளர். 2017 இல் இலங்கையில் 186,000 க்கு மேற்பட்ட நோயாளர் பதிவாயினர், அவ்வச்சம் நியாயமானதே. எனினும் நூறு சதுர மீற்றர்க் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை நூறு லீற்றர் நீராகும். கிணற்றையே நம்பி வாழும் குடாநாட்டில் அந்நீரைச் சுவரடியில் கொட்டவிடுதல் அறிவுடைமையன்று. நுளம்பு பெருகுவது தேங்கிய பீலியிலேயன்றி ஓடும் பீலியில் அன்று.

இன்னொரு தடையும் உண்டு. வடக்குப் புறம் மூத்தவளுக்கும் கிழக்குப் புறம் இளையவளுக்கும் சீதனமாக எழுதப்பட்ட வீடொன்றில் அவ்விரு புறமும் கூடும் மூலை ஒழுகியது. மூத்தவள் ரொறன்ரோவில், இளையவள் இலண்டனில்.

“பிள்ளை, மூலை ஒழுகுது.”

“அது அக்கான்ர பக்கமெல்லோ, அம்மா.”

மகள்மார் கொடியவரல்லர், மாதந்தோறும் பணம் அனுப்புவோரே. ஆனால் மூலைப் பீலியை மாற்ற இரு பக்கத்து ஓடுகளையும் கழற்றுதல் வேண்டும். உறுதியில் அறைகள் உண்டு, பீலி இல்லை. ஈராண்டு கழிந்தபின் இருவரும் வெவ்வேறாகப் பணம் அனுப்பினர், அவரவர் பக்கத்து ஓட்டுக்கு. தகரத்தின் விலையை எவரும் கேட்கவில்லை. தாயார் அதனைத் தம் ஓய்வூதியத்தில் வாங்கினார்.