பெரக்கரை நாட்டுக்கு ஒரு மதர்போர்டு



கொல்லிமலையின் பெரக்கரை நாட்டில் என் தம்பி மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கும் சிறு கடை நடத்தி வருகிறான். கடையின் ஒரு மூலையில் ஒரு கணினியும் பிரிண்டரும் உண்டு. சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை, தேர்வு விண்ணப்பம் என எதற்காகவாயினும் அக்கம்பக்கத்து மலைவாழ் மக்கள் அவனிடமே வருவார்கள். ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் அவன் கையில் கொடுத்துவிட்டு, திண்ணையில் அமர்ந்து காத்திருப்பார்கள். அவற்றின் நகல்கள் யாவும் அந்தக் கணினியில்தான் தங்கியிருந்தன.

அக்கணினி 2017-இல் வாங்கியது. இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ3-7100 பிராசசர்; எல்ஜிஏ 1151 சாக்கெட் கொண்ட எச்110 மதர்போர்டு. வேலைக்கு அது இன்னும் போதுமானதாகவே இருந்தது. ஆனால் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. ஓராண்டு நீட்டிப்பு கிடைத்தது. எனினும் அது தவணையே அன்றித் தீர்வன்று. விண்டோஸ் 11-க்கோ, சில விதிவிலக்குகள் நீங்கலாக, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே ஏற்புடையவை.

“அண்ணே, நெட் ஓடுது, பிரிண்ட் வருது. இதை ஏன் மாத்தணும்?” என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். கணினி அவனுடையது, அதிலுள்ள ஆவணங்கள் பிறருடையவை. நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் அமானிதம் என்றால், நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட ஆதார் நகலும் அமானிதமே. திருத்தம் வராத கணினியில் அதை வைத்திருப்பது, தாழ்ப்பாள் பழுதான அறையில் பிறர் நகையை வைப்பதற்கு ஒப்பாகும். அதே வேளையில், ஓடுகின்ற கணினியைத் தூக்கி எறிவது வீண்விரயம். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியைத் தேட வேண்டியிருந்தது.

முதலில் நாங்கள் நாடியது, மதர்போர்டை அப்படியே வைத்துக்கொண்டு பிராசசரை மட்டும் மாற்றும் வழியை. எட்டாம் தலைமுறை பிராசசரும் எல்ஜிஏ 1151 சாக்கெட்டில்தான் அமர்கிறது. ஆயினும், பெயர் ஒன்றாக இருந்தாலும் மின் இணைப்பு ஒன்றன்று. 100, 200 வரிசை சிப்செட் கொண்ட மதர்போர்டுகளில் அது இயங்காது. 300 வரிசை வேண்டும். ஆகவே சாக்கெட்டின் பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. மதர்போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில், அந்த மாடலுக்குரிய பிராசசர் பட்டியலைப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். மேம்படுத்த எண்ணும் எவரும் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே.

மதர்போர்டையும் மாற்றியே ஆக வேண்டும் என்று தெளிந்தபின் மூன்று வழிகள் எஞ்சின. முதலாவது, ஏஎம்டியின் ஏஎம்4. 2017-இல் வாங்கிய ஏஎம்4 மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்தபின், 2020-இல் வெளிவந்த ரைசன் 5000 வரிசையையும் பொருத்த முடிந்தது. ஒரு சாக்கெட் இத்தனை ஆண்டுகள் உழைத்தது அரிய செய்தி. இரண்டாவது, 2022-இல் வந்த ஏஎம்5. இனி வரும் ஆண்டுகளுக்கும் புதிய பிராசசர்கள் கிடைக்கும். ஆனால் டிடிஆர்5 ரேம் மட்டுமே ஏற்கும். மூன்றாவது, 2021-இல் வந்த இன்டெல்லின் எல்ஜிஏ 1700. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்காம் தலைமுறைகள் அதில் அமரும். வாங்கும் மதர்போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5 பொருந்தும்.

“வருங்காலத்தை நினைத்து வாங்குங்கள்” என்று கடைக்காரர் ஒருவர் ஏஎம்5-ஐப் பரிந்துரைத்தார். விளையாட்டுக்கும் காணொளித் தொகுப்புக்கும் அது நல்ல அறிவுரையே. தம்பியின் தேவை விண்ணப்பம் நிரப்புவதும் அச்சிடுவதும். அவனிடம் நல்ல நிலையில் டிடிஆர்4 ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தன. அப்போது ஏறிக்கொண்டிருந்த விலையில் புதிய ரேம் வாங்குவது, கையிலிருப்பதை வீணாக்கி மேலும் செலவு செய்வதாகும். ஆகவே டிடிஆர்4 ஏற்கும் எச்610 மதர்போர்டையும் ஐ3-12100 பிராசசரையும் தேர்ந்தோம். பழையதில் 2 கோர்கள், இதில் 4. பின்னாளில் தேவைப்பட்டால் அதே சாக்கெட்டில் ஐ5 ஒன்றைப் பொருத்தவும் இடமுண்டு. ஏஎம்4-உம் எங்களுக்கு ஏற்றதாகவே இருந்திருக்கும். அந்த வாரம் நாமக்கல்லில் எளிதாகக் கிடைத்தது இது.

இங்கே கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஐ3-12100எஃப் என்று சற்று மலிவாக ஒன்று கிடைக்கும். அந்த ‘எஃப்’ எழுத்துக்கு, உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. அடுத்து, பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் பிராசசருக்கான மின் இணைப்பு புதிய மதர்போர்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் உரிமமும் முக்கியம். கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் பழைய மதர்போர்டோடு முடிந்துவிடும். தனியே விலை கொடுத்து வாங்கியதைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். தம்பியுடையது பின்னது என்பதால் அந்தச் செலவு மிஞ்சியது. பிறர் ஆவணங்களைக் காக்கும் கணினியில் திருட்டுப் பிரதியை ஏற்றுவதற்கு எங்கள் இருவருக்கும் மனம் ஒப்பவில்லை.

மலைக்கென்று தனிக் கணக்கும் உண்டு. காரவள்ளி வழியே ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு திருகு குறைந்தாலும் மீண்டும் கீழே வர வேண்டும். எல்ஜிஏ சாக்கெட்டில் மெல்லிய ஊசிகள் மதர்போர்டிலேயே இருப்பதால், ஒன்று வளைந்தாலும் போர்டு பழுதாகும். ஆகவே நாமக்கல்லிலேயே பிராசசரைப் பொருத்தி, ஓட விட்டுச் சோதித்த பின்னரே மேலே கொண்டு சென்றோம். சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை, வாரன்டிக்குத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் வேண்டும் என்பதால், பெட்டியிலேயே பத்திரப்படுத்தினோம். மின்வெட்டுக்காக யுபிஎஸ்ஸும், கடிகாரத்துக்கான சிஆர்2032 பேட்டரி ஒன்று உபரியாகவும் உடன் சென்றன. அந்தப் பேட்டரி தீர்ந்தால், மின்சாரம் போய் வரும்போது கணினியின் தேதி பின்னோக்கிச் சென்றுவிடும். அப்போது பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும். காரணம் அறியாதவர்கள் நெட்டைக் குறை கூறுவார்கள்.

மொத்தச் செலவு 20 ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கியது, அல்ஹம்துலில்லாஹ். வேலை முடிந்த விண்ணப்பங்களின் நகல்களை அன்றன்றே அழித்துவிடும் வழக்கத்தையும் தம்பி மேற்கொண்டிருக்கிறான். எந்தச் சாக்கெட்டும் செய்யாத காவல் அது. பழைய மதர்போர்டும் பிராசசரும் குப்பைக்குப் போகவில்லை. சிறிய ரேம் ஒன்றைச் சேர்த்து, இலவசமான லினக்ஸை ஏற்றி, தம்பி மகளிடம் கொடுத்திருக்கிறோம். அவள் அதில் தமிழ் தட்டச்சுப் பழகுகிறாள்.