தேஹு ரோட்டில் உச்சிப்பொழுது

புணே சந்திப்பிலிருந்து லோணாவளா வரை லோக்கல் ரயில் ஓடும் பாதை ஏறக்குறைய 64 கிலோமீட்டர் நீளம். இந்தத் தூரத்தைக் கடக்க ரயிலுக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது. சூரியனுக்கு இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை. கிழக்குக் கோடியில் உச்சிப்பொழுது ஆன இரண்டு நிமிடத்துக்குள் மேற்குக் கோடியிலும் ஆகிவிடும். கடிகாரங்கள் மட்டும் இந்தப் பாதையில் ஒருநாளும் சூரியனைக் கேட்டு ஓடியதில்லை.

1858 ஜூனில் கண்டாலாவுக்கும் புணேக்கும் இடையே ரயில் விட்டபோது ‘போர் காட்’ என்ற மலைக்கணவாயில் தண்டவாளம் இல்லை. பம்பாயிலிருந்து வருகிறவர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பல்லக்கிலும் மட்டக்குதிரையிலும் மேலேறி, மறுபடியும் ரயில் பிடிப்பார்கள். கணவாய்ப் பாதை 1863-இல்தான் திறந்தது. பின்னர் ரயில்களுக்கென்று ஒரே நேரம் தேவைப்பட்டபோது கம்பெனிகள் எடுத்துக்கொண்டது மதராஸ் நேரத்தை. மதராஸில் வானாய்வுக் கூடம் இருந்தது. அங்கிருந்து தந்தி வழியாக நேரம் அனுப்பினார்கள். கிரீன்விச்சுக்கு மதராஸ் 5 மணி 21 நிமிடம் முன்னே, பம்பாய் 4 மணி 51 நிமிடம் முன்னே. ஆகவே ஊர்க் கடிகாரத்தை நம்பி ஸ்டேஷனுக்கு வந்த பம்பாய்க்காரர் அரை மணி முன்பே போய்விட்ட ரயிலின் புகையைத்தான் பார்த்தார். 1881-இல் ஆளுநர் ஜேம்ஸ் பெர்குசன் நகரத்துக்கும் மதராஸ் நேரத்தையே விதித்தார். பம்பாய் முரண்டு பிடித்தது. இரண்டே ஆண்டில் உத்தரவு வாபஸ். 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் வந்த பிறகும் பம்பாய் மாநகராட்சி தன் பழைய நேரத்தை 1955 வரை விடவில்லை. மராட்டிய மண்ணில் பத்துப் பதினைந்து ஆண்டல்ல, ஒரு தலைமுறைக்கு மேல் மதராஸ் மணி ஆண்டது என்பது தமிழ் வாசகர்களில் பலர் கேள்விப்படாத செய்தி.

புணேயிலிருந்து மேற்கே போனால் முதலில் சிவாஜிநகர், அடுத்து கட்கி. 1869-இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலை கட்கியில் இன்னும் இயங்குகிறது. முளா ஆற்றைத் தாண்டினால் தாபோடி, காசர்வாடி. பிம்ப்ரியில் பிரிவினையின்போது வந்த சிந்திகளின் குடியிருப்பு. 1954-இல் தொடங்கிய பெனிசிலின் தொழிற்சாலை. சின்ச்வட், ஆகுர்டி. 1978 மார்ச் 11-இல் இந்தப் பாதையில் மின்சார லோக்கல் விட்டதே இந்தத் தொழிற்பேட்டைகளை மனத்தில் வைத்துத்தான். கால அட்டவணையில் அது அப்படியே தெரியும்: காலையிலும் மாலையிலும் ஷிப்டுக்கு ஆள் ஏற்றி இறக்க வண்டி உண்டு. நடுப்பகலில் தண்டவாளப் பராமரிப்புக்கென்று நீண்ட இடைவெளி. கூலி வேலைக்காரர், கல்லூரிப் பிள்ளைகள், பிரசவ வார்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் ஷேர் ஆட்டோவுக்குப் பணம் அழ வேண்டும். இரண்டே தண்டவாளத்தில் லோக்கல், விரைவு வண்டி, சரக்கு எல்லாம் ஓடுவதால் வேறு வழியில்லை என்பது ரயில்வேயின் பதில். மூன்றாவது, நான்காவது பாதை பற்றிய பேச்சுக்கு மட்டும் பஞ்சமில்லை.

ஆகுர்டியை அடுத்தது தேஹு ரோடு. பக்திக் கவி துகாராம் பிறந்த தேஹுவுக்கு இறங்க வேண்டிய ரயிலடி என்பதால் வந்த பெயர். தேஹு இங்கிருந்து வடக்கே, இந்திராயணி ஆற்றங்கரையில், சுமார் 6 கிலோமீட்டரில் இருக்கிறது. ஸ்டேஷனைச் சுற்றி ஊர் வளர்ந்ததற்குத் துகாராம் காரணமல்ல. இரண்டாம் உலகப் போரின்போது இங்கே படைக்கலக் கிடங்கும் வெடிமருந்துக் கிடங்கும் எழுந்தன. கிடங்குக்கு எழுத்தர், தச்சர், பெட்டி சுமப்பவர், காவலர் என்று ஆள் வேண்டியிருந்தது. நாலா திசையிலிருந்தும் வந்தார்கள். அசாமின் திக்பாயிலும் இராக்கின் கிர்குக்கிலும் எண்ணெய் செய்த வேலையை இங்கே வெடிமருந்து செய்தது. எம்.பி. கேம்பிலும் கடைவீதியிலும் மராட்டியோடு தமிழும் தெலுங்கும் மலையாளமும் பஞ்சாபியும் ஒரே தெருவில் கேட்கும். காய்கறிக் கடையில் மராட்டியில் பேரம் பேசி, ஹிந்தியில் காசு கொடுத்து, திரும்பி நின்று மகளைத் தமிழில் அதட்டும் அம்மாக்கள் இங்கே அன்றாடக் காட்சி.

திக்பாய் வட்டாரத்தோடு ஒப்பிட இன்னொன்றும் உண்டு. அங்கே தேயிலைத் தோட்டங்கள் இந்திய நேரத்துக்கு ஒரு மணி முன்னதாக ‘பாகான் நேரம்’ என்று தனிக் கணக்கு வைத்திருக்கின்றன, பகல் வெளிச்சத்தை வீணாக்கக் கூடாதென்று. தேஹு ரோட்டின் சூரியன் இதற்கு நேர் எதிர். இந்திய நேரத்துக்குச் சராசரியாக 35 நிமிடம் பின்தங்கியே வருகிறது. கிடங்கு வளர்ந்த போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, இந்தியக் கடிகாரத்தை மேலும் ஒரு மணி முன்னே தள்ளினார்கள். அப்போது இங்கே ஆண்டின் பெரும்பகுதியில் கடிகாரம் ஒன்றரையைத் தாண்டினால்தான் வெயில் உச்சந்தலைக்கு வரும்.

இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியும் நாள் துகாராம் பீஜ். பால்குன மாதத் தேய்பிறைத் துவிதியை, பெரும்பாலும் மார்ச் மாதம். துகாராம் வைகுண்டம் போன நாளாக, பண்டரிபுர யாத்திரை போகும் பக்தர்களான வார்க்கரிகள் கொண்டாடுவது. அன்று தேஹு ரோடு ஸ்டேஷனில் லோக்கல் நின்றதும் வெள்ளைத் தொப்பிகள் நடைமேடையை நிறைக்கும். தோளில் காவிக் கொடி, கழுத்தில் துளசி மணி, கையில் தாளம். சிலர் பஸ்ஸுக்கு நிற்பார்கள், பலர் நடந்தே போவார்கள். ராணுவ வேலிகளை ஒட்டிய சாலையில் ‘ஞானபா துகாராம்’ என்ற முழக்கம் போய்க்கொண்டே இருக்கும். தேஹுவில் வைகுண்ட கமனக் கோயில் முற்றத்தில் நாந்துர்கி மரம் ஒன்று நிற்கிறது. நண்பகலில் அதன் இலைகள் தாமாக அசையும் என்பது நம்பிக்கை. கீர்த்தனை உச்சத்துக்குப் போகும். கூட்டம் மூச்சடக்கி மரத்தையே பார்க்கும். மணி 12 ஆனதும் பூக்கள் பறக்கும், ஆயிரக்கணக்கான கைகள் ஒன்றாக மேலே போகும். அது இந்தியக் கடிகாரத்தின் 12. மார்ச் மாதத்தில் தேஹுவின் உச்சிக்குச் சூரியன் வர இன்னும் 40 நிமிடத்துக்கு மேல் பாக்கி. துகாராம் வாழ்ந்த பதினேழாம் நூற்றாண்டில் நிழல்தான் மணி காட்டியது. நிழல் காலடிக்கு வரும்போது கூட்டத்தில் பாதி சாப்பாட்டுப் பந்திக்குப் போயிருக்கும். வார்க்கரிகளுக்கு இது ஒரு பொருட்டல்ல. பொருட்டாக வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனி மாத வாக்கில் துகாராமின் பல்லக்கு பண்டரிபுரத்துக்குப் புறப்படும்போது முதல் ஆரத்திக்காக நிற்கும் இடம் அனகட்ஷா பாபா தர்கா. பிறகு தேஹு ரோட்டுப் பக்கமாக வந்து, நிக்டி வழியாக ஆகுர்டியில் இரவு தங்குகிறது. ஊரின் இன்னொரு பெருநாளுக்குத் திதி பார்க்க வேண்டியதில்லை. 1954 டிசம்பர் 25 அன்று அம்பேத்கர் இங்கே புத்தர் சிலையை நிறுவினார். அந்த மாதம்தான் ரங்கூனில் நடந்த உலக பௌத்த மாநாட்டுக்குப் போய் வந்திருந்தார். நாக்பூரில் அவர் தம்மம் தழுவியது 1956 அக்டோபரில். அதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்பே தேஹு ரோட்டில் சிலை வந்துவிட்டது. ஆண்டுதோறும் அந்த நாளில் விகாரைக்கு வரும் கூட்டம் பீஜ் கூட்டத்தைப் போலவே லோக்கலில்தான் வருகிறது. அதற்கு அடுத்த சில வாரங்களில் தமிழ்த் தெருக்களில் பொங்கல். திதியும் ஆங்கிலத் தேதியும் சூரிய மாதமும் ஒரே ஊரில் ஒன்றையொன்று இடிக்காமல் நடக்கின்றன.

இடிப்பது வேறு. வெடிமருந்துக் கிடங்கைச் சுற்றி 2000 கஜத்துக்குப் புதுக் கட்டடம் கூடாது என்ற ‘ரெட் ஸோன்’ விதி பக்கத்து ஊர்களையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அதற்குள் வீடு கட்டிக் குடியிருக்கும் குடும்பங்களுக்குப் பட்டா சிக்கல், வங்கிக் கடன் சிக்கல். மெட்ரோவுக்கும் பிம்ப்ரியிலிருந்து நிக்டி வரை நீளத்தான் ஒப்புதல். அடுத்த ஊரான தேஹு ரோட்டுக்குப் பழைய லோக்கலே கதி.

அடுத்த ஸ்டேஷனான பேக்டேவாடிக்கு அருகில் குண்ட்மளா. பாறைகளை இந்திராயணி குடைந்து ஓடும் இடம். 2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை, ஆற்றின் குறுக்கே இருந்த பழைய இரும்புப் பாலம் சுற்றுலா வந்த கூட்டத்தோடு இடிந்து விழுந்து நால்வர் இறந்தார்கள். பலவீனமான பாலம் என்று முன்பே தெரியும். எச்சரிக்கைப் பலகைகூட இருந்தது. புதுப் பாலம் கட்டுவதற்குப் பலகை ஈடாகாது என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

கோராவாடி மலைமேல் பௌத்தக் குகைகள். தளேகாவில் சுதேசி இயக்கக் காலத்தில், பொதுமக்கள் தந்த பைசாக்களில் 1908-இல் எழுந்த கண்ணாடித் தொழிற்சாலை. வட்காவில் 1779 ஜனவரியில் மராட்டியர் ஆங்கிலேயப் படையை மடக்கி உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார்கள். இன்று அந்த ஊருக்குப் பேர் வாங்கித் தருவது அரிசி. ஆம்பேமோஹரையும் ஐ.ஆர். 8-ஐயும் கலந்து இங்குள்ள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ‘இந்திராயணி’, பொங்கும்போதே மணக்கும், சற்றுக் குழையும். கான்ஹே, காம்ஷேத் தாண்டினால் மளவ்லி; கார்லே, பாஜே குகைகளுக்கு இறங்கும் இடம்.

லோணாவளாவோடு லோக்கலின் ஓட்டம் முடிகிறது. அதற்கு அப்பால் கணவாய். சிக்கி என்ற கடலை மிட்டாய் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் காரில் வருகிறார்கள். நடுப்பகல் வண்டிக்காகக் காத்திருப்பவர்கள் மாவள் வட்டாரக் கிராமத்தார். அவர்களுக்கு வேண்டியது பகல் 12-க்கும் 3-க்கும் இடையே கூடுதலாக இரண்டு வண்டிகள். புதுப் பாதைகள் வரும்வரை பராமரிப்பு இடைவெளியை இரவுக்கு மாற்ற முடியுமா என்பதையாவது ரயில்வே பார்க்கலாம்.