கையில் வந்த மீன்

தை பிறந்த மறுவாரம், சென்னை மாம்பலத்தில் 32 ஆண்டுகள் குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, திருவையாற்றில் பூட்டிக் கிடந்த எங்கள் பூர்வீக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். என்னுடன் வந்த உயிர் ஒன்றே ஒன்று: பதினோரு வயதான ஒரு தங்கமீன். பேரன் பள்ளிப் பருவத்தில் வாங்கியது. அவன் மேற்படிப்புக்கு வெளிநாடு சென்றபின், என் மனைவி அதைத் தன் பிள்ளையாக்கிக் கொண்டாள். காலையில் லலிதா சகஸ்ரநாமம் முடிந்ததும், "தங்கம், சாப்பிட வா" என்று தொட்டியின் விளிம்பில் விரலால் தட்டுவாள். அவள் இறைவனடி சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மீனுக்கும் ஒரு கண்ணில் வெண்படலம் படர்ந்துவிட்டது.

முதிர்ந்த மீனை இடம் மாற்றுவது எளிதன்று. பயணத்துக்கு முதல் நாள் அதற்கு உபவாசம். உண்ட வயிற்றோடு வந்தால் பையிலுள்ள நீர் கெட்டுவிடும். ஏகாதசியன்றுகூடப் பலகாரம் தேடுபவன் நான். அது முணுமுணுக்காமல் இருந்தது. தடித்த பிளாஸ்டிக் பையில் மூன்றில் ஒரு பங்கு பழைய நீர், மீதி காற்று. அதைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, உழவன் எக்ஸ்பிரஸில் இரவு முழுவதும் அருகிலேயே வைத்துக்கொண்டேன். தொட்டியின் கூழாங்கற்களையும் வடிகட்டும் பஞ்சையும் கழுவாமல், ஈரத்தோடு எடுத்து வந்தேன். நாம் அழுக்கு என்று நினைக்கும் அந்தப் பிசுக்கில்தான், மீனின் கழிவில் எழும் அம்மோனியா நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன.

வீட்டைக் கவனித்து வந்த அம்மாள், நான் சொல்லியிருந்தபடி முதல் நாளே கிணற்று நீரை இறைத்து வைத்திருந்தாள். ஆனால் செப்பு அண்டாவில்! கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்த பேரன், "தாத்தா, அந்தத் தண்ணீர் வேண்டாம்" என்று பதறினான். செம்பில் ஊறிய நீர் நமக்கு நலம் என்று பருகுகிறோம். மீனின் செவுள்களுக்கு அது நஞ்சாம். மீண்டும் இறைத்தோம். முற்றத்து வெயில் நேரே படாத கூடத்து மூலையில் தொட்டியை வைத்து, கிழமீன் மூச்சுக்கு மேலே வரச் சிரமப்படக் கூடாதென்று பாதியளவே நீர் நிரப்பினேன். பையை அரைமணி நேரம் மிதக்கவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தம்ளராகப் புது நீரைக் கலந்தேன்.

அப்படியும் மூன்று நாட்கள் அது அடித்தரையில் ஒடுங்கியே கிடந்தது. இரை தொடவில்லை. எனக்கும் அந்த வீட்டில் உறக்கம் வரவில்லை.

அடுத்த வீட்டு மாமி வந்து பார்த்தார். "அண்ணா, பேசாமல் கோயில் குளத்தில் விட்டுவிடுங்களேன். புண்ணியமாகப் போகும்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்த ஆசை எழுந்தது. கண்ணெதிரே அது இறப்பதைப் பார்க்க அஞ்சினேன். அந்த அச்சத்துக்குப் புண்ணியம் என்று பெயர் சூட்டிக்கொள்ள வசதியாக இருந்தது.

மறுநாள் விடியலில் புஷ்ய மண்டபப் படித்துறையில் இறங்கினேன். மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். இன்னும் சில நாட்களுக்கே காவிரியில் இந்த ஓட்டம். அர்க்கியம் விடக் கைகளைக் குவித்து நீரை முகந்தபோது, பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தம் நினைவுக்கு வந்தது. திராவிட தேசத்து மன்னன் சத்தியவிரதன், கிருதமாலா நதியில் தர்ப்பணம் செய்கையில் அவன் கையில் ஒரு சிறு மீன் வந்தது. கிருதமாலா என்பது நம் வைகையே என்பர் பெரியோர். மன்னன் அதை ஆற்றிலேயே விட்டான். அதுவோ, பெரிய மீன்கள் தன்னைத் தின்றுவிடும், ஆற்றில் விடாதே என்று மன்றாடியது. கமண்டலத்தில் ஏந்திச் சென்றான். பிறகு குடம், குளம், ஏரி என்று படிப்படியாக இடம் மாற்றினான். மச்சாவதாரக் கதையைப் பலமுறை படித்திருக்கிறேன். மீன் முதலில் கேட்டது அடைக்கலம் என்பது அன்றுதான் உறைத்தது.

கிழமீனைக் குளத்தில் விட்டால், அதன் செந்நிறமே மீன்கொத்திக்கு அழைப்பாகும். ஒற்றைக் கண்ணால் எப்படித் தப்பும்? சீன தேசத்தில் வளர்ப்புக்கென்றே உருவாக்கப்பட்ட இனம் அது. தொட்டியில் வளர்ந்த மீன், குளத்து மீன்களுக்கு நோயைக் கொண்டு சேர்க்கவும் கூடும். வீடு திரும்பினேன்.

ஐந்தாம் நாள், பச்சைப் பட்டாணியை வேகவைத்துத் தோலை நீக்கி நசுக்கினேன். வயதான மீனுக்குச் செரிக்கக்கூடிய உணவு அது. விளிம்பில் தட்டினேன், அசைவில்லை. கூடத்தில் வேறு யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, சற்று வெட்கத்துடன், "தங்கம், சாப்பிட வா" என்றேன்.

சாய்ந்தவாறே, மெல்ல மெல்ல மேலெழுந்து வந்தது. ஒரு துணுக்கை வாயில் வாங்கிற்று, துப்பிற்று, மறுபடி வாங்கிற்று.

இப்போது மாமி தினமும் மாலையில் ஐயாறப்பரைத் தரிசித்துவிட்டு நேரே இங்கே வருகிறார். முந்தானையில் ஒரு பிடி பொரி முடிந்திருக்கிறது. பொரி அதற்கு ஆகாது என்று நானும் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.