பழைய தண்டும் புதுத்தளிரும்

கணவர் வளர்த்த டென்ட்ரோபியம் ஆர்க்கிட் 2 ஆண்டுகளாக அம்பாளுக்கு ஒரு பூவும் தரவில்லை. தொட்டியிலிட்ட தேங்காய் மட்டை மக்கி, வேர்கள் அழுகத் தொடங்கியிருந்தன. உடனே மாற்றிவிட மகன் அவசரப்பட்டான், அம்மையார் இசையவில்லை. காலம் பாராது பெயர்த்தால் செடி மீள்வது அரிது என்று கணவர் சொல்லிச் சென்றிருந்தார்.

சித்திரையில் தண்டின் அடியில் தளிர் எழுந்தது. பச்சை நுனியோடு புதுவேரும் எட்டிப்பார்த்தது. அன்றே தொட்டி மாறிற்று. பழுப்பேறிக் குழைந்த வேர்களை நீக்கி, கரித்துண்டும் செங்கற்சில்லும் நிரப்பி (மண் ஆகாது, இவ்வேர்களுக்குக் காற்றோட்டம் வேண்டும்), தளிர் முன்னோக்கி வளர இடம்விட்டு நட்டார். இலையுதிர்ந்த முதிய தண்டுகளை வெட்டக் கத்தியெடுத்தான் மகன். தடுத்துவிட்டார். தளிருக்கு உணவூட்டுபவை அவைதாமே!

சில நாட்கள் நிழலில் வைத்து, நீர் தெளித்ததோடு சரி. ஆடியில் புதுத்தண்டு ஒரு சாண் உயர்ந்திருக்கிறது. பூ இன்னும் வரவில்லை.