சொல்லுக்கும் வேலியா?

நிலத்திற்கு வேலி உண்டு. வீட்டிற்குக் கதவு உண்டு. நாலு பேர் நாவில் நாளெல்லாம் புழங்கும் சொல்லுக்கு வேலி போட முடியுமா? டில்லியில் சட்டம் பயிலும் எனக்கு இது தேர்வில் வரும் வினா. ஊரில் கடை வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்கோ, இது பிழைப்பைப் பற்றிய வினா.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் தன் 9-ஆம் பிரிவில் இதைத் தெளிவாகவே கூறுகிறது. பொருளின் தரத்தையோ, வகையையோ, பிறந்த ஊரையோ குறிக்கும் சொல்லை ஒருவர் தம் பெயரில் பதிந்துகொள்ளலாகாது. ஆனால், ஒரு விலக்கு உண்டு. நெடுங்காலம் ஒருவரே ஒரு சொல்லைப் பயன்படுத்தி, அச்சொல்லைக் கேட்டதும் மக்கள் அவருடைய சரக்கையே நினைக்கும் நிலை வந்துவிட்டால், பதிவு கிட்டும். வேலியின் வாசல் இதுதான்.

ஊதுபத்தி வியாபாரத்திலிருந்தே இரண்டு வழக்குகளைச் சொல்லலாம். பாட்னா வியாபாரி ஒருவர் 'ராமாயண்' என்னும் பெயரைத் தம் ஊதுபத்திக்கு உரிமையாக்கிக்கொள்ள முயன்றார். புனித நூலின் பெயர் தனியொருவர் உடைமையாகாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் அதே நீதிமன்றம் 2011-இல், 'ஈநாடு' என்ற பெயரில் ஊதுபத்தி விற்ற பெங்களூர் வியாபாரிக்கு ஆந்திர மாநிலத்தில் தடை விதித்தது. அச்சொல்லுக்குக் கன்னடத்தில் 'இந்த நாடு' என்று பொருள்; தெலுங்கிலோ 'இன்று' என்று பொருள். இரண்டும் எளிய சொற்களே. எனினும் 1974 முதல் நடந்துவரும் நாளிதழின் பெயராக ஆந்திர மக்கள் மனத்தில் அது பதிந்துவிட்டது என்றது தீர்ப்பு. எனவே, எந்தச் சொல் பொதுச் சொத்து, எது தனிச் சொத்து என்பது அகராதியைப் புரட்டித் தீர்க்கக்கூடிய காரியம் அன்று.

இனிச் சித்தப்பாவின் கதைக்கு வருகிறேன். காவிரிக் கரையில் ஒரு சிறு நகரில் 27 ஆண்டுகளாகக் காபிக் கொட்டை வறுத்து அரைத்து விற்கிறார். பொட்டலத்தின்மேல் 'நறுமணம்' என்று அச்சிட்டிருந்தார். சென்ற ஆண்டு ஒரு பெரிய கம்பெனியின் வக்கீலிடமிருந்து மூன்று பக்க ஆங்கில நோட்டீசு வந்தது. பக்கத்துக் கடைக் கணக்குப்பிள்ளைதான் படித்துப் பொருள் சொன்னாராம். பதினைந்து நாளில் பெயரை எடுக்க வேண்டும். உறைகளையெல்லாம் அழிக்க வேண்டும். நஷ்டஈடும் தர வேண்டும்! அன்றிரவே சித்தப்பா என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஏம்ப்பா, காப்பிப் பொடிக்கு நறுமணம்னு சொல்லாம வேறென்ன சொல்றது? அந்தச் சொல்லு எப்போ அவங்க வீட்டுச் சொத்தாச்சு?"

சின்னப் பதிவேட்டில் தேடிப் பார்த்தேன். கம்பெனி பதிந்திருந்தது படத்தோடு கூடிய ஒரு முழுச் சீட்டு. அப்படிப் பதிந்தவருக்கு அதிலுள்ள பொதுவான சொல் ஒன்றின்மீது மட்டும் தனியுரிமை வந்துவிடாது என்கிறது 17-ஆம் பிரிவு. சரக்கின் தரத்தைக் குறிக்க ஒரு சொல்லை ஆள்வதை 30-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பதிந்தவருக்கும் முன்பே பயன்படுத்தி வந்தவரை 34-ஆம் பிரிவு காக்கிறது. இவற்றையெல்லாம் சொன்னேன். சித்தப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கோர்ட்டுக்குப் போனா எத்தனை வருஷம் ஆகும்ப்பா?"

அதற்கு விடை நந்தினி வழக்கில் இருக்கிறது. கர்நாடகப் பால் கூட்டமைப்பு 1985 முதல் 'நந்தினி' என்ற பெயரில் பால் விற்கிறது. பெங்களூரில் ஓர் உணவகம் 1989 முதல் அதே பெயரோடு நடக்கிறது. உணவகத்தின் விண்ணப்பத்தை 2007-இல் பதிவு அலுவலகம் ஏற்றது. 2011-இல் மேல்முறையீட்டு வாரியம் மறுத்தது. 2014-இல் ஐகோர்ட்டும் மறுத்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் உணவகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நந்தினி என்பது புராணத்துப் பசுவின் பெயர், எவரும் புதிதாகப் படைத்த சொல் அன்று என்பது ஒரு காரணம். தீர்ப்பு நல்ல தீர்ப்புத்தான். ஆனால் பதினொரு ஆண்டுகள்! பல கிளைகள் கொண்ட உணவகம் தாங்கும். ஓர் அரைவை இயந்திரமும் இரண்டு ஆட்களும் உள்ள கடை தாங்குமா?

சித்தப்பா பெயரை எடுத்துவிட்டார். அச்சடித்த உறைகள் குப்பைக்குப் போயின. பலகை மாறியது, உணவு உரிமத்திலும் பெயர் மாறியது. இப்போது தம் சொந்தப் பெயரையே போட்டுக்கொண்டிருக்கிறார். அதை 35-ஆம் பிரிவு காக்கும் என்பது எனக்கு ஓர் ஆறுதல். வாடிக்கைக்காரர் சிலர் கடை கைமாறிவிட்டது என்றெண்ணி வேறு கடைக்குப் போய்விட்டார்களே என்பது அவருக்குத் தீராத வருத்தம்.

சின்னச் சட்டமே வேண்டாம் என்று நான் கூறவில்லை. சித்தப்பாவின் பெயரை நாளை இன்னொருவர் போலிப் பொடிக்கு வைத்தால், அவரைக் காக்கப்போவதும் இதே சட்டந்தான். என் வருத்தமெல்லாம் வேறு. நீதிமன்றம் தரக்கூடிய நியாயம் வக்கீல் நோட்டீசைக் கண்ட அளவிலேயே கைநழுவிப் போகிறது. எளியவன் வழக்கில் தோற்பதில்லை. வழக்குக்கு முன்பே தோற்றுவிடுகிறான்.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நம் தெருக் கடைக்காரரிடம் இரண்டு செய்திகள் சொல்லுங்கள். ஒன்று, முதன்முதல் அச்சடித்த உறையையும் பழைய ரசீதுகளையும் எறிய வேண்டாம். முன்பே பயன்படுத்தியதற்கு அவையே சாட்சி. சித்தப்பாவிடம் பத்தாண்டுகளுக்கு முற்பட்ட ரசீது ஒன்றுகூட இல்லை. மற்றொன்று, நோட்டீசு என்பது தீர்ப்பு அன்று. ஒரு தரப்பு வக்கீலின் கடிதம் மட்டுமே. அதை எழுத்துக்கூட்டிப் படித்து, தமிழில் பொருள் சொல்லி, பதில் எழுத உதவுவதற்கு ஓர் ஆள் வேண்டும். நாம் இத்தனை தூரம் வந்து கற்பது அதற்காவது பயன்படட்டும்.