கரகரத்த குமிழ்

எங்கள் பங்கு ஆலயம் கடற்கரையில் உள்ளது. அங்கே உப்புக் காற்று இரும்பை மட்டுமன்றி, ஒலிபெருக்கியையும் அரித்துவிடும். கடந்த தவக்காலத்தில் ஆம்ப்ளிபயரின் வால்யூம் குமிழைத் திருப்பினாலே தகரத்தைச் சுரண்டுவது போன்ற கரகரப்பு எழலாயிற்று.

ஓர் அடக்கத் திருப்பலி. இறந்தவரின் மகளுக்கு மறையுரையில் ஆறுதல் கூறிக்கொண்டிருந்தேன். ஓசை குறைவென்று உபதேசியார் குமிழைத் தொட, ஆலயமே அதிர்ந்தது. சிறுவர் சிரித்தனர், அந்த மகள் தலை கவிழ்ந்தாள். திருப்பலி முடிந்ததும், என்னிலும் மூத்தவரான உபதேசியாரைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். "திருகித் திருகியே கெடுத்துவிட்டீரே!" என்றேன். "சரி சாமி" என்று மட்டும் சொல்லி அவர் ஒதுங்கினார்.

குருமடத்து நாட்களிலேயே வானொலிப் பெட்டியைப் பிரித்துப் பழகியவன் நான். குமிழைத் தொடாதபோதும் இரைச்சல் கேட்டால் கோளாறு வேறிடத்தில். திருப்பும்போது மட்டும் கரகரத்தால் வால்யூம் கண்ட்ரோலையே முதலில் பார்க்கவேண்டும். அதனுள்ளே லாட வடிவில் ஒரு கரித்தடம் உண்டு. அதன்மேல் ஓர் உலோக நாக்கு உராய்ந்து செல்லும். தூசியோ உப்போ தேய்மானமோ அந்தத் தொடர்பை நொடிப்பொழுது துண்டிக்கும்போதெல்லாம் கரகரப்பு எழும்.

மின் இணைப்பை அகற்றி, கண்டென்சர்களில் தேங்கிய மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, பெட்டியைத் திறந்தேன். கண்ட்ரோலின் இடுக்கில் கான்டாக்ட் கிளீனரைச் சிறிது பீய்ச்சி, குமிழை இம்முனைக்கும் அம்முனைக்குமாக 30 முறை திருப்பி, உலரவிட்டேன். தேங்காய் எண்ணெய் விடுவோரும் உண்டு. அது மேலும் தூசியைச் சேர்க்கும். கரகரப்பு நின்றது. என் தீர்ப்பு சரியே என்று நிறைவு கொண்டேன்.

இரண்டே வாரங்களில், குருத்து ஞாயிறன்று, அது திரும்பி வந்தது. மீண்டும் என் பார்வை உபதேசியார் மீதே சென்றது. ஆனால், துடைத்த தடம் இவ்வளவு விரைவில் கெடுவானேன் என்ற கேள்வியும் எழுந்தது. மல்டிமீட்டரை எடுத்து, மிகுந்த எச்சரிக்கையோடு அளந்தேன். ஒலி மட்டுமே வந்து சேரவேண்டிய அந்தக் கண்ட்ரோலில் டி.சி. மின்னழுத்தம் ஏறத்தாழ அரை வோல்ட் இருந்தது! அதற்கு முன்னால் நிற்கும் கண்டென்சரின் பணி, ஒலியை விட்டு டி.சி.யைத் தடுப்பது. முதுமையால் அது கசியத் தொடங்கியிருந்தது. டி.சி. ஏறிய தடத்தில் சிறு தூசியும் பெருங்கூச்சலாகும். மின்சாரத்தை நிறுத்தி, அதே அளவுள்ள புதிய கண்டென்சரை, கூட்டல் கழித்தல் முனைகள் மாறாதவாறு பற்றவைத்தேன். சில ரூபாய் செலவுதான். கரகரப்பு அடியோடு ஒழிந்தது.

அன்பு வாசகரே, கூச்சலிட்டது குமிழ். குற்றமோ அதற்குப் பின்னே, ஓசையின்றி இருந்த ஒன்றினுடையது. அந்தக் குமிழின் மேல் பழி போட்டது போலவே, அதைத் தொட்ட கையின் மேலும் பழி போட்டேன். இயந்திரத்தைச் சோதிக்கக் காட்டிய பொறுமையில் ஒரு பங்கையேனும் அந்த முதியவரிடம் நான் காட்டியதில்லை.

பெரிய வியாழன் மாலை, திருப்பலிக்கு முன், கடிந்துகொண்ட அதே இடத்தில், மக்கள் முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கூச்சத்தோடு குமிழைத் திருப்பிப் பார்த்து, "இப்ப நல்லா இருக்கு சாமி" என்றார்.

அந்த மகளின் வீட்டுக்கும் சென்றுவந்தேன். அன்று கரகரப்பில் அவள் கேளாமல் போன ஆறுதலை, ஒலிபெருக்கியின்றி, திண்ணையில் அமர்ந்து சொன்னேன்.